நான்காம் தேதி, ஐந்தாம் மாதம்

குளுகோர் அடுக்குமாடியில்
கார் நிறுத்தும் கட்டடத்தின் உச்சித்தளம்.
நான்கு வண்டிகள், ஒன்றுக்கு டயர் இல்லை.
முக்காலியின் ஒரு காலைத் தூக்கி
ஒரு காலைத் தாழ்த்தி
நீர்மட்டக் குமிழி நடுவில் நிற்பதற்குள்
அரை மணி போய்விட்டது.

கைக்கருவி கேட்கத் தொடங்கியது,
குடிநுழைவு முகப்பில் அதிகாரி கேட்கிற தொனியில்.
எந்த இடம்?
தீர்க்கரேகை நூறு, அட்சரேகை ஐந்து.
மணி?
எட்டரை. பினாங்கின் கடிகாரம்
சூரியனைவிட ஒரு மணி பத்தொன்பது நிமிடம்
முந்தி ஓடுவது. அதையும் ஒப்புக்கொண்டது.
தேதி?
பூஜ்யம் நான்கு, பூஜ்யம் ஐந்து.
அழுத்திவிட்டேன்.

இரண்டு நட்சத்திரத்தை நீ காட்டு,
மீதி நாற்பதாயிரத்தை நான் காட்டுகிறேன்:
அதுதான் எங்கள் ஒப்பந்தம்.
பட்டியலில் ஸ்பைகா என்றிருந்தது,
நமக்குச் சித்திரை.
மோட்டார் முனகியது.
(முனகினால்தான் நல்ல மிஷின் என்று சொல்லித்தான்
தஞ்சோங் தோக்கோங்கில் கெங் ஹூய்
இதை என் தலையில் கட்டினார்.)
குழாய் இறங்கியது, இன்னும் இறங்கியது,
சி பிளாக்கின் எட்டாம் மாடிக்கு நேராக நின்று
பீப் என்றது.
கண்டுபிடித்துவிட்டதாம்.

கண்ணை வைத்தேன். மங்கல்.
குமிழைத் திருகத் திருகத் தெளிந்தது
ஒரு ஐஸ்பெட்டியின் தலை,
அதற்குமேல் குதிரை நாட்காட்டி,
பந்தய நாளுக்குப் பந்தயக் குதிரை போட்டு
இந்த நாட்டில் எல்லார் சுவரிலும் தொங்குகிற அதே.
இடத்தை வலமாக்கும் கண்ணாடியில்
ஆங்கில மே,
ஓர் எழுத்தும் சிதையாமல்,
யாம் என்று திரும்பி நின்றது.

யாமா? எவர் யாம்?
தனியாகச் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது.
மாதத்தை முதலில் எழுதுகிற ஊரில் செய்த பொருள்;
என் மே நான்கை ஏப்ரல் ஐந்தாக வாங்கிக்கொண்டு
அந்த நாளின் வானத்தைத் தேடியிருக்கிறது.
அன்று இதே எட்டரைக்குச் சித்திரை
அந்தச் சமையலறைக்குப் பின்னால்தான் இருந்திருக்கும்.
பகலெல்லாம் பாயான் லெப்பாஸில்
சில்லுகளைச் சோதித்துத் தள்ளுகிறவள் நான்.
பிழை எந்திரத்தில் இல்லை என்று
எத்தனை முறை எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

திருத்தினேன். மறுபடி முனகல்.
இம்முறை மேலே, கிழக்கில், பாலத்து விளக்குகளுக்கு
வெகு உயரத்தில், நீலம் கலந்த வெள்ளையாய்.
அடுத்துச் சுவாதி, ஆரஞ்சு.
அம்புப் பொத்தானால் நகர்த்தி நகர்த்தி
நடுவில் வைக்கும்போது
படிக்கட்டில் செருப்புச் சத்தம்.

பிலோமினா அக்கா. கையில் ஈரக் கரண்டி.
"என் வீட்டுக்குள்ள என்ன தேடுற?"
"சித்திரையைக்கா."
"சித்திரை முடிய இன்னும் பத்து நாள் இருக்கு.
அது என் அடுப்படியிலயா இருக்கு?"

விளக்கம் சொல்ல வாய் வரவில்லை.
ஐந்து, ஒன்று, மூன்று, ஒன்பது.
எண்ணை அழுத்தினேன்.
குழாய் தென்கிழக்கே போய்
இரண்டாம் பாலத்துப் பக்கம் தாழ்வாக நின்றது.
வெறும் கண்ணுக்கு அங்கே
தொழிற்சாலைகளின் பழுப்பு வெளிச்சம் மட்டும்.
"பாருங்க" என்று விலகினேன்.

கரண்டியை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடி குனிந்தார்.
நெடுநேரம் நிமிரவில்லை.
பத்து மில்லியன் விண்மீன்கள்,
பதினேழாயிரம் ஆண்டுப் பழைய வெளிச்சம்,
சொல்ல வைத்திருந்த எண்களெல்லாம்
நாக்கிலேயே கிடந்தன.

"ரவையைக் கொட்டின மாதிரி இருக்கு" என்றார்.
"யார் கூட்டி அள்ளுறது?"

பிறகு மேகம், கடல் பக்கமிருந்து.
மேகம் என்று அதற்குத் தெரியாது.
ஒன்றுமில்லாத இடத்தை
விடாமல் தொடர்ந்துகொண்டிருந்தது மோட்டார்,
மிக மெதுவாக, மிகச் சரியாக.
நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மறுநாள் அந்தச் சன்னலில்
புதிய நீலத் திரை, அழுத்தி இழுத்து மூடியிருந்தது.
நான் தேதியைச் சரியாகப் போட்டேன்.
ஒன்பது மணிக்குப் படிக்கட்டில்
செருப்புச் சத்தம்.